214ஆம் செங்காய்

காலையில் முதல் வேலை
வெள்ளை ஓட்டைத் துடைப்பது.
மிளகாய்ப்பொடி டப்பா மூடி அளவு.
கருவியை அதன்மேல் அழுத்தினால்
வெள்ளை என்றால் என்ன என்று
மறுபடி தெரிந்துகொள்ளும்.
நேற்றைய வெள்ளையை அது நம்புவதில்லை.

ஹெசரகட்டா தோப்பு, நான்காம் வரிசை, மல்லிகா.
மே மாதத்து இரவு மழை
தோலில் மிச்சமிருந்தால் காத்திருக்க வேண்டும்,
ஈரக் காய் தப்பாகச் சொல்லும்.
சட்டைக் கையால் துடைத்து
வெயில் கன்னத்தில் ஒரு தடவை,
நிழல் கன்னத்தில் ஒரு தடவை.
கண்ணுக்குப் பாதிதான் தெரிகிற ஒரு வெளிச்சம்
தோலைக் கடந்து பத்து மில்லிமீட்டர் போய்த்
திரும்பி வந்து சொல்கிறது:
பதினாலு புள்ளி ஆறு.
பதிமூணு புள்ளி ஒன்பது.
காம்பு அசையவில்லை.
கேட்கப்பட்டது காய்க்கே தெரியாது.

ரேவந்த் ஒருநாள் கருவியைத்
தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். ஏழு புள்ளி இரண்டு.
“இன்னும் மூணு வாரம் மரத்துலயே விடுங்க”
என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுக்
கூடையைத் தலைக்கு ஏற்றினாள் சித்தகங்கம்மா.

வெட்டாமல் அறியும் கருவி.
விளம்பரத் தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது.
அதற்கு அறியக் கற்றுக்கொடுத்தவள் நான்,
வெட்டி வெட்டித்தான் கற்றுக்கொடுத்தேன்.
போன பருவத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது.
அளந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு
வட்டத்தை மட்டும் துளைத்தெடுத்து
அலுமினியக் கிண்ணத்தில் நிறுத்து
அறுபத்தைந்து டிகிரியில் இரண்டு நாள்.
தண்ணீரெல்லாம் போன பின்
எது மிஞ்சுகிறதோ அதற்குத்தான் மதிப்பெண்.
மாம்பால் பட்டு விரலிடுக்கு உரிந்தது.
தாசரஹள்ளி பஸ்ஸில்
பக்கத்தில் உட்காருகிறவர்கள்
என் பையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இந்த வருடம் சரிபார்ப்பு. முந்நூறு காய்.
கருவி சொன்னது சரிதானா என்று
அதையும் வெட்டித்தான் பார்க்க வேண்டுமாம்.
“இது தேறிட்டா அப்புறம் வெட்டவே வேண்டாம்” என்றார் மேலாளர்.
என் ஒப்பந்தம் ஜூன் முப்பது வரை.

பட்டியலில் எல்லாம் ஃப்ரூட் ஒன்று, ஃப்ரூட் இரண்டு.
எனக்கோ காய் வேறு, பழம் வேறு,
நடுவில் செங்காய் என்று ஒன்று.
எந்தத் தசமத்தில் காய் தன் பெயரை விடுகிறது?
அதற்கு ஒரு கட்டம் பட்டியலில் இல்லை.

214.
வெயில் பக்கம் பதினாறு புள்ளி மூன்று.
நிழல் பக்கம் பதினாறு புள்ளி மூன்று.
இரண்டு பருவத்தில்
இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.
மறுபடி வைத்தேன். அதே எண்.
மேசையில் கத்தி இருந்தது.
கிண்ணத்தில் 214 என்று எழுதியும் ஆயிற்று.
சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

“இருநூத்திப் பதினாலு எங்கே?”
“விழுந்துடுச்சு.”
ரேவந்த் நிமிர்ந்து பார்க்கவில்லை.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது புள்ளிகள்
கோட்டை ஒட்டி அழகாக நின்றன.

அரிசி டப்பாவுக்குள் ஒன்பது நாள்.
மின்சாரம் போன ஒரு ராத்திரி
டப்பாவைத் திறக்காமலே தெரிந்துவிட்டது.
தட்டு வைத்துக்கொள்ளவில்லை.
முழங்கை வரை வழிந்தது.
கருவி சொன்னது அத்தனையும் சரி,
பத்து மில்லிமீட்டர் வரைக்கும்.
அதற்கப்புறம் கொட்டையை ஒட்டி
மெலிசாக ஒரு புளிப்பு,
யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்தது.

கொட்டையைக் கழுவி ஜன்னலில் வைத்தேன்.
ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை.
நாலாம் நாள் அதில் ஒரு ஓட்டை.
பக்கத்தில், பூவாக இருந்தபோதே குடிவந்த
ஒரு கறுப்பு வண்டு.
தொட்டதும் காலை மடக்கிச்
செத்ததுபோல் கிடந்தது.
வேலைக்கு நேரமாகிவிட்டது.
பூட்டப் போகும்போது திரும்பிப் பார்த்தேன்,
விளிம்பில் நடந்துகொண்டிருந்தது.